கெய்சருக்கு நாலு மாத்திரை, எனக்கு ஒன்று

நாபோக்லு,
12 மே 1996

அன்புத் தம்பி உத்தய்யாவுக்கு,

இக்குத்தப்பன் தயவில் இங்கே நான் சுகம். மீரட் வெயிலில் நீயும் உன் வீட்டுக்காரியும் வாடி வதங்காமல் இருக்கிறீர்களா?

மிளகு பறித்து முடிந்தது. தோட்டத்தைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் கெய்சரைப் பற்றித்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் பட்டாளத்துக் கித்தான் பைக்குள் போட்டுக் கொண்டு வந்து என் மடியில் இறக்கினாயே, அந்த டாபர்மேன் இப்போது டாபர்மேன் இல்லை, நெல் மூட்டை. தின்பது பழைய அளவுதான், உடம்பு மட்டும் ஊதுகிறது. வாலில் முடி கொட்டி எலி வாலாகிவிட்டது. மே மாதத்தில் அடுப்படியை விட்டு நகர மாட்டேன் என்கிறான். வேப்பெண்ணெயில் கந்தகத்தைக் குழைத்துப் பூசிப் பார்த்தேன். வீடு நாறியதுதான் மிச்சம்.

நேற்று களத்துக்குக் குரங்குகள் வந்தன. "எந்திரிடா சோம்பேறி, உனக்கென்ன பென்ஷனா குடுக்குறாங்க?" என்று கத்தினேன். எழுந்து ஓடினான். பத்தடி போவதற்குள் கால் மடங்கி அப்படியே விழுந்தான். நான் கிட்டப் போவதற்குள் எழுந்து, ஒன்றுமே நடக்காதது போல அந்த எலி வாலை ஆட்டினான். குரங்குகள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

பக்கத்துத் தோட்டத்துப் பொள்ளம்மா, "வயசாயிடுச்சு தேச்சு, உனக்கும் எனக்கும் ஆகலையா?" என்கிறாள். ஆறு வயது ஒரு வயதா? நாள் முழுக்கப் பட்டாளத்து நாய்களைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர் நீ. நீ சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
தேச்சம்மா


மீரட்,
24 மே 1996

அன்பு அக்காவுக்கு வணக்கம்.

நாங்கள் இருவரும் நலம். வெயில் மட்டும் நலமில்லை. உன் கழுத்து எப்படி இருக்கிறது? அந்தக் கட்டியை எடுத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, மறக்காமல் போடுகிறாய் அல்லவா? "அது மாத்திரை இல்ல சார், இனிமே அவங்க தைராய்டே அதுதான்" என்று மைசூர் டாக்டர் அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை.

கெய்சர் விழுந்ததைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். குளிரும் எடையும் வாலும் தைராய்டைக் காட்டுகின்றன. விழுந்தது நெஞ்சைக் காட்டுகிறது. இந்த ஜாதி நாய்க்கு இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. மடிக்கேரிக்குக் கொண்டு போ. ரத்தத்தில் தைராய்டு பார்க்கச் சொல். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்து, படத்தை எனக்கு அனுப்பச் சொல்.

அதுவரை அவனை ஓட விடாதே. குரங்குகளை நீயே விரட்டு. துப்பாக்கி வேண்டாம், உன் குரலே போதும்.

உன் தம்பி,
உத்தய்யா


நாபோக்லு,
18 ஜூன் 1996

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம், நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். மழை பிடித்துவிட்டது.

மடிக்கேரியில் இப்போது இருப்பது வசுதா என்று ஒரு சின்னப் பெண். ஹாசன்காரி. ரத்தத்தைப் பெங்களூருக்கு அனுப்பி வரவழைத்தாள். "தைராய்டு சுத்தமா வேலை செய்யலம்மா. ஹார்ட்டும் பெருசாயிருக்கு, சுவர் மெலிஞ்சு போச்சு" என்றாள். அது எனக்கு வந்த வியாதியாயிற்றே, இவனுக்கு எப்படி ஒட்டியது என்றேன். நாய்க்கும் வருமாம். படத்தை உனக்குத் தபாலில் அனுப்பிவிட்டாள்.

அவள் கெய்சர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டபோது அந்த முகத்தைப் பார்த்தேன் உத்தய்யா. இரண்டு வருஷம் முன்னால் என் வீட்டுக்காரர், உன் பாவாவின் நெஞ்சில் குழாய் வைத்த டாக்டருக்கும் அதே முகம்தான். அன்றைக்கு, தோட்டத்து மேல் வேலி ஓரம் அவர் அசதியாக இருக்கிறது என்று படுத்தார். "எந்திரிங்க, பட்டப்பகல்ல என்ன சோம்பேறித்தனம்?" என்றேன். ஒரு மணி நேரத்தில் நம் வழக்கப்படி வாசலில் நின்று துப்பாக்கியால் சாவு வெடி இரண்டு போட்டார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பேரை நான் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் நெஞ்சில் வியாதி. முதல் ஆளை விட்டுவிட்டேன். இவனை விட மாட்டேன்.

ஆனால் அந்தப் பெண்ணை நம்பலாமா? நான் போடுகிற அதே மாத்திரையைத்தான் எழுதியிருக்கிறாள். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. நெஞ்சு தாங்குவதைப் பார்த்து ஏற்றிக்கொண்டே போய் ஏழும் ஏழும் கொடுக்க வேண்டுமாம்! "அம்மா தாயே, எழுபது கிலோ பொம்பளை நான், ஒண்ணு போடுறேன். முப்பத்தஞ்சு கிலோ நாய்க்குப் பதினாலா? படிச்சுட்டுத்தான் வந்தியா?" என்று கேட்டேவிட்டேன். அவள் சீட்டை என் பக்கம் தள்ளினாள்.

பத்து நாளாக ஒரே ஒரு மாத்திரைதான் கொடுக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை. நெஞ்சு மாத்திரையும் நீர் பிரிகிற மாத்திரையும் அவள் சொன்னபடியே கொடுக்கிறேன்.

உன் அக்கா,
தேச்சம்மா


மீரட்,
27 ஜூன் 1996

அன்பு அக்காவுக்கு வணக்கம். நாங்கள் நலம்.

முதல் வேலையாக அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேள். அவள் எழுதியது சரி. நாயின் உடம்பு இந்த மருந்தைக் கிடுகிடுவென்று கரைத்து வெளியே தள்ளிவிடும். நமக்கு ஒன்று போதுமென்றால் அவனுக்குப் பல மடங்கு வேண்டும். ஆனால் நெஞ்சு பலவீனமாக இருப்பதால் முழு அளவை எடுத்ததும் கொடுக்கக் கூடாது. அதனால்தான் இரண்டும் இரண்டும். நீ கொடுக்கிற ஒன்று, யானைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரி. அவனுக்கு எட்டவே எட்டாது.

இன்றிலிருந்து நாலு. ஒரு வேளையும் விடாதே. மூன்று வாரத்தில் தெரியும்.

படம் வந்தது. பார்த்தேன்.

தைராய்டு சரியானால் நெஞ்சும் பின்னாலேயே சரியாகிவிடும். நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. பாவா விஷயத்தில் உன் தப்பு ஒன்றும் இல்லை.

உன் தம்பி,
உத்தய்யா


நாபோக்லு,
20 ஜூலை 1996

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே நாலு மாத்திரைக்கு மாறினேன். வசுதாவிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. ஒரு பாட்டில் தேனும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சிரித்தாள். நல்ல பெண்தான்.

ஆற்று வெள்ளம் ரோட்டின் மேல் ஏறி ஒன்பது நாளாகிறது. இந்தக் கடிதம் எப்போது உன் கைக்கு வருமோ. மருந்துக்கடை மொய்துவிடம் மாத்திரை தீர்ந்துவிட்டது. "அம்மா, ஊருக்கே நாலு மாசம் வர்ற மாத்திரைய உங்க நாய் ஒரு மாசத்துல முழுங்கிடும் போல. லாரி வரட்டும், ஒரு பாட்டில் எடுத்து வைக்கிறேன்" என்றான். லாரி எங்கே வருவது? நான் எப்படியோ சமாளித்துக்கொண்டேன். கெய்சருக்கு ஒரு வேளையும் தவறவில்லை.

நேற்று அவனாக அடுப்படியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து, மழையைப் பார்த்துக் குரைத்தான். எத்தனை மாதமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உன் அக்கா,
தேச்சம்மா


மீரட்,
30 ஜூலை 1996

அன்பு அக்காவுக்கு வணக்கம்.

எங்களுக்குச் சுகத்தில் குறைவில்லை. கெய்சர் குரைத்தான் என்று படித்ததும் நானும் இங்கே குரைக்காத குறைதான். வசுதா சொன்னால் மூன்றும் மூன்றுமாக ஏற்று.

எப்படியோ சமாளித்தேன் என்கிறாய். எப்படி என்று எழுதவில்லையே? வேறு யார் வீட்டில் கிடைத்தது? இன்று இருநூறு மாத்திரை பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் எழுது.

உன் உடம்பு எப்படி? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உன் தம்பி,
உத்தய்யா


நாபோக்லு,
23 ஆகஸ்ட் 1996

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீங்களும் சுகமா?

கெய்சரின் வாலில் முடி முளைத்துவிட்டது. முதலில் பூனை மயிர் மாதிரி வந்தது, இப்போது கறுத்துவிட்டது. இடுப்பு தெரிகிறது. ராத்திரியில் இருமுவானே, அதுவும் நின்றது. இப்போது மூன்றும் மூன்றும் கொடுக்கிறேன். திங்கட்கிழமை குரங்குக் கூட்டத்தைக் களத்திலிருந்து ஓடை வரைக்கும் விரட்டிக்கொண்டு போனான். "போடா ராஜா, விடாதே!" என்று நானே ஏவிவிட்டேன். நீ சொன்னபடி நெஞ்சு சரியாகிவிட்டது. பாவா இருந்திருந்தால் ஊரைக் கூட்டிக் காட்டியிருப்பார்.

இந்த வருஷம் குளிர் அதிகம். பாவாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் இருக்கிறேன். கைல்போத் ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியைத் துடைக்க எடுத்தேன். பாதியில் கை சோர்ந்துவிட்டது, வைத்துவிட்டேன். பூஜைக்கு நம் பரம்பரைப் பெரிய வீட்டுக்கு இந்தத் தடவை போகப் போவதில்லை. பேசினால் தொண்டை தவளை மாதிரி இருக்கிறது, பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கெய்சரின் வாலில் முடி முளைத்துவிட்டது. எழுதினேனா?

தேச்சம்மா


மீரட்,
1 செப்டம்பர் 1996

அக்கா,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. நீ சுகமாக இல்லை.

பேச முடியாத பிராணிகளைப் பார்த்து வியாதி கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஆகஸ்டில் கோட்டு. அடுப்படி. கை சோர்வு. கட்டைக் குரல். சொன்னதையே சொல்வது. எழுத்து கூட எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. மே மாதம் கெய்சரைப் பற்றி நீ எழுதியதெல்லாம் இப்போது உன்னிடம் இருக்கிறது. மொய்து கடையில் மாத்திரை தீர்ந்த பிறகும் கெய்சருக்கு ஒரு வேளை தவறவில்லை என்றால், அந்த ஊரில் அந்த மாத்திரை இருந்த இன்னொரு இடம் உன் அலமாரிதான்.

என் பார்சல் என்ன ஆயிற்று?

ஒன்றரை மாதமாக நீ எதுவும் போடவில்லை, சரிதானே? உனக்குக் கழுத்தில் சுரப்பி கிடையாது அக்கா. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போனால் ஒரு காலை உன்னை எழுப்ப முடியாது. ஒரு நாய்க்காகவா? நான் கொடுத்த நாய்தான், எனக்கும் அவன் மேல் உயிர். ஆனாலும் நாய்!

பொள்ளம்மாவுக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன். அவள் உன்னை மைசூருக்கு இழுத்துப் போவாள். வாய் பேசாமல் போ.

உத்தய்யா


நாபோக்லு,
29 செப்டம்பர் 1996

அன்புத் தம்பிக்கு,

இக்குத்தப்பன் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டான். மூன்று வாரம் மைசூர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு முந்தாநாள் வந்தேன். முகம் கடம்பிட்டு மாதிரி உருண்டையாக வீங்கியிருந்தது, இப்போது வற்றுகிறது. கெய்சர் பொள்ளம்மா வீட்டில் இருந்தான். அவனுக்குப் பன்றிக்கறி கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறாள்.

உன் பார்சல் வந்தது. மழையில் ஊறி, இருநூறும் மாவாகி ஒரே களியாக வந்தது. மொய்துவுக்கு ஒரு பாட்டில்தான் கிடைத்தது, அதைக் கெய்சருக்கே வைத்தேன். இருப்பதைப் பங்கு போட்டால் இரண்டு பேருக்கும் பத்தாது. நான் நாலு வாரம் பொறுத்தால் ரோடு திறந்துவிடும், அவன் நெஞ்சு பொறுக்காது என்று நினைத்தேன். நீதான் ஒரு வேளையும் விடாதே என்றாய். உன்மேல் பழி போடவில்லை. என் புத்தி அப்போது அவ்வளவுதான் வேலை செய்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு வேடிக்கை. டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மா, ஹார்ட் டயர்டா இருக்கு. எடுத்ததும் முழு மாத்திரை வேண்டாம், கால் கால் மாத்திரையா ஏத்தலாம்" என்றார். "தெரியும் டாக்டர், எங்க வீட்டு நாய்க்கும் அப்படித்தான்" என்றேன். பொள்ளம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

தந்தி கொடுத்ததற்கு நன்றி. திட்டியதற்கும்.

உன் அக்கா,
தேச்சம்மா


மீரட்,
9 அக்டோபர் 1996

அன்பு அக்காவுக்கு வணக்கம்.

நீ எழுந்து நடமாடுவது தெரிந்து இங்கே இரண்டு பேரும் சரியாகச் சாப்பிட்டோம்.

உன்னை அவ்வளவு திட்டினேன். திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இதைச் சொல்லாமல் புத்தரி அறுவடைப் பண்டிகைக்கு உன் முன்னால் வந்து நிற்க என்னால் முடியாது.

ஜூனிலேயே எனக்குத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. தைராய்டு மாத்திரை அவன் வாலையும் தோலையும் சுறுசுறுப்பையும் திருப்பிக் கொடுக்கும், நாலு நாள் சந்தோஷமாக இருப்பான். ஆனால் அவ்வளவு தொய்ந்துபோன நெஞ்சை அது திருப்பித் தராது. ஆறு மாதம், மிஞ்சினால் எட்டு. வசுதா உன்னிடம் சொல்லத்தான் இருந்தாள். நான் அவளுக்குக் கடிதம் எழுதித் தடுத்தேன். பாவா போன துக்கத்திலேயே நீ இன்னும் இருந்தாய். இவனைக் காப்பாற்றுகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்தக் கையைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால், போகப் போகிற நாய்க்காக நீ உன் மாத்திரையைக் கொடுத்திருக்க மாட்டாய். உன்னைச் சாகக் கிடத்தியது நான்தான். மன்னித்துவிடு.

இங்கே ஒரு நல்ல பெட்டை குட்டி போட்டிருக்கிறது. வரும்போது ஒரு குட்டி கொண்டு வரட்டுமா?

உன் தம்பி,
உத்தய்யா


நாபோக்லு,
17 நவம்பர் 1996

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். காலையில் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில். நீங்கள் இருவரும் சுகமென்று நம்புகிறேன்.

கெய்சர் போய்விட்டான். பதினாலாம் தேதி, காலை பத்து மணி இருக்கும். காப்பிப் பழம் பறிக்க மேல் வேலிக்குப் போனேன், கூடவே வந்தான். பாவா படுத்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவனும் படுத்துவிட்டான். நான் எழுப்பவில்லை. கூடையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "படுத்துக்கடா, இப்ப என்ன அவசரம்?" என்றேன். தலையை என் காலில் வைத்தான். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து பாவாவின் துப்பாக்கியை எடுத்து, வாசலில் நின்று வானத்தைப் பார்த்து இரண்டு வெடி போட்டேன். நாய்க்கு அப்படிப் போடுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. தெரிந்துதான் போட்டேன். தெரியாமல் போனது ஒன்றுதான். இரண்டு மாதமாக இந்தப் பள்ளத்தாக்கே என் வீட்டிலிருந்து அந்தச் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. கால் மணி நேரத்தில் பொள்ளம்மா சாவுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையை அரைகுறையாகச் சுற்றிக்கொண்டு, "ஐயோ தேச்சு, போயிட்டியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு மேட்டில் ஏறி வருகிறாள். பின்னால் முப்பது பேர். நான் துப்பாக்கியும் கையுமாக வாசலில் நிற்கிறேன்.

"செத்தவளே வெடி வைப்பாளாடி?" என்றேன்.

"உன்னை நம்ப முடியுமா? நீ வச்சாலும் வப்ப!" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள். சாவுக்கு வந்தவர்கள் சும்மா திரும்பக் கூடாதென்று அவர்களே குழி வெட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. மொய்து கூடக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான்.

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் கோபம். உண்மை தெரிந்திருந்தால் மாத்திரையைக் கொடுத்திருக்க மாட்டேன் என்கிறாய். கொடுத்திருப்பேனோ மாட்டேனோ, எனக்கே தெரியாது. ஆனால் ஒன்று நிச்சயம். குரங்கு விரட்ட அவனை ஒரு நாளும் ஏவியிருக்க மாட்டேன். நெஞ்சு சரியாகிவிட்டதென்று நம்பி, ஓடை வரைக்கும் ஓடவிட்டுக் கைதட்டினேனே உத்தய்யா. பாவா விஷயத்தில் தெரியாமல் செய்தேன். இவன் விஷயத்தில் என்னைத் தெரியாமல் செய்ய வைத்தவன் நீ. அதுதான் வலிக்கிறது. நானும் உன்னிடம் மறைத்தவள்தான், அதனால் இதற்கு மேல் திட்டவில்லை.

புத்தரிக்குக் கட்டாயம் வா. வயலில் புதுக் கதிர் முற்றி நிற்கிறது. குட்டியைப் பற்றிக் கேட்டாய். கொண்டு வா. ஆனால் முதலில் நம் வாசலில், என் முன்னால், அதன் நெஞ்சில் உன் குழாயை வைத்துக் கேள். என்ன கேட்டாலும் அதை அப்படியே என்னிடம் சொல். அதற்குப் பிறகு வேண்டுமா வேண்டாமா என்று நான் சொல்கிறேன்.

உன் அக்கா,
தேச்சம்மா